மூன்று மாதத்துக்கு ஒருமுறை என் கால் பார்த்த அக்காவுக்கு

அக்கா,

இன்று காலை பேருந்தில் பக்கத்தில் இருந்தவரின் கைகளிலிருந்து கிருமிநாசினி வாசம் வந்தது. ஜெர்மனியின் கெல்சென்கிர்ச்சன் நகரில் குடும்ப மருத்துவரின் உதவியாளராக வரவேற்பு மேசைக்குப் பின்னால் நீங்கள் இருந்த வருடங்களெல்லாம் அந்த ஒரு வாசத்தில் திரும்பி வந்தன. இறங்க வேண்டிய தரிப்பிடத்தைத் தவறவிட்டேன்.

அப்போது எனக்கு உணவகச் சமையலறையில் வேலை. நீரிழிவுக்கென்று மூன்று மருத்துவர்களிடம் போய்க்கொண்டிருந்தேன்; ஒருவர் கொடுத்தது மற்றவருக்குத் தெரியாது. ஒரே வாரத்தில் மூன்று இடத்தில் இரத்தம் எடுத்தார்கள். அதுதான் நல்ல கவனிப்பு என்று நம்பியிருந்தேன். நீரிழிவுக்காரருக்கென்று மருத்துவக் காப்புறுதியின் புதிய திட்டம் வந்தபோது படிவத்தை என் முன் வைத்தீர்கள். இனி ஒரே மருத்துவர், அவர் கடிதம் தந்தால்தான் நிபுணர், மூன்று மாதத்துக்கு ஒரு பரிசோதனை, காலும் உட்பட. காப்புறுதிக்காரர் செலவைக் குறைக்க எங்களைக் கட்டிப்போடுகிறார்கள் என்று உங்களோடு சண்டை பிடித்தேன். நீங்கள் மறுக்கவில்லை.

“ஓம் தம்பி, செலவைக் குறைக்கத்தான். காலை வெட்டுறதுக்குத்தான் அவைக்குக் கூடச் செலவு. உங்கட கால் மிஞ்சினால் அவைக்கும் நல்லம், உங்களுக்கும் நல்லம்.”

கோபத்தோடுதான் கையெழுத்து வைத்தேன்.

அடுத்த கோடையில் பக்கத்து ஊரான ஊன்ட்றொப்பில் நம்மவரின் அம்மன் கோயில் தேர். வெறுங்காலோடு, கொதிக்கும் தார் வீதியில் வடம் பிடித்தேன். சூடே தெரியவில்லை. அம்மனின் அருள் என்று மனம் குளிர்ந்து வீடு திரும்பினேன். தேருக்கு அடுத்து வந்த செவ்வாய்க்கிழமை பரிசோதனை நாள். வேலை அதிகம், வர ஏலாது, அடுத்த முறை பார்ப்போம் என்று தொலைபேசியில் சொன்னேன். நீங்கள் விடவில்லை. என் முதலாளியைக் கூப்பிட்டு ஜெர்மனில் நீங்களே பேசி, எனக்கு இரண்டு மணி நேரம் வாங்கித் தந்தீர்கள்.

சப்பாத்தைக் கழற்றியபோது காலுறை உள்ளங்காலோடு ஒட்டியிருந்தது. நனைத்து மெல்ல உரித்தீர்கள். பெரிய கொப்புளம் உடைந்து சீழ் வைத்திருந்தது. எனக்கு நோகவே இல்லை. உங்கள் முகத்தைப் பார்த்துத்தான் பயந்தேன். தேர் இழுத்த கதையையும் அம்மனின் அருளையும் சொன்னேன்.

“நோகேல்லை எண்டதுதான் வருத்தமே, சீனி காலின்ர நரம்பைச் சாகடிச்சிட்டுது. அம்மாளை இதுக்குள்ள இழுக்காதேங்கோ.”

பத்து நிமிடத்தில் மருத்துவரின் கடிதம் கைக்கு வந்தது. அன்றே பாத சிகிச்சைப் பிரிவில் சேர்த்தார்கள். ஒரு சின்ன விரல் போனது. கால் மிஞ்சியது. இன்னும் இரண்டு வாரம் போயிருந்தால் முழங்காலுக்குக் கீழே எடுத்திருப்போம் என்று அங்கே சொன்னார்கள்.

திட்டத்தை நான் இன்றும் முழுதாக நம்பவில்லை. அதே காப்புறுதிதான் எனக்கென்று அளவெடுத்துச் செய்ய வேண்டிய சப்பாத்து அவசியமில்லை என்று மறுத்தது. உங்கள் மதிய இடைவேளையில் மேன்முறையீடு எழுதினீர்கள், இரண்டு முறை. பிறகுதான் கிடைத்தது. திட்டம் நாளைக் குறித்தது, அக்கா. என்னை வரவைத்தது நீங்கள்.

போன பங்குனியில் உங்கள் இதயம் சொல்லாமல் நின்றது. நான் ஒருநாளும் வாய்விட்டு நன்றி சொன்னதில்லை. பெட்டியைத் தூக்க உங்கள் கணவர் ஆறு பேரைத் தேடினார். என் காலைப் பார்த்து, உமக்கு ஏலாது என்றார். ஏலும் அண்ணை என்று முன்னால் போய் நின்றேன். மயான வாசலிலிருந்து மண்டபம் வரை சரளைக்கல் பாதை. ஒன்பது விரல்களோடு, ஓரிடத்திலும் தடுமாறாமல் நடந்தேன்.

அந்தப் பாரம் இன்னும் என் வலது தோளில் இருக்கிறது, அக்கா. இருக்கட்டும்.