சிவப்பு பட்டனுக்கு இரண்டு வேலை

நாள் 118 – 07:10
நிலவுத் தளம். பணியில் ஒரே ஆள்: இசக்கியப்பன், பழுதுபார்ப்பவன். நுழைவறைச் சுவரிலிருந்த பட்டன் பலகை கருகிவிட்டது. வெளியே போகக் கை வால்வு போதும். திரும்பி வந்தால் அறையில் பம்பு காற்றை நிரப்ப வேண்டும். நிரம்பினால்தான் உள்கதவு திறக்கும்.

மாற்று வழி, ஹால் டிவியின் ரிமோட். ரேடியோவில் இயங்குவதால் நுழைவறையிலிருந்து அழுத்தினாலும் கேட்கும். படம் போடும் மென்பொருளும் பம்பும் ஒரே கணினியில்தான் இருக்கின்றன. எந்தப் பட்டனுக்கு என்ன வேலை என்று ஒரு கோப்பில் எழுதினால் போதுமாம். அரை மணி நேர வேலை.

நாள் 118 – 16:40
அரை மணி நேரமாம்! ஓர் அடைப்புக்குறியை மூடாமல் விட்டிருக்கிறேன். அதற்காக மென்பொருள் கோப்பு முழுவதையும் சத்தமில்லாமல் ஒதுக்கிவிட்டது. தப்பு என்று ஒரு வார்த்தை சொன்னால் வாயிலிருந்து முத்து உதிர்ந்துவிடுமா? ரிமோட்டிலும் தூசி ஏறி நாலு பட்டன்தான் மிச்சம்: மேல், கீழ், ஓகே, சிவப்பு. படத்தை மூடி முகப்புத் திரைக்குத் திரும்ப ஹாலிலுள்ள விசைப்பலகைக்குத்தான் போக வேண்டும்.

நாள் 119 – 11:05
சிவப்பை அழுத்தினால் பம்பு ஓடுகிறது. ஒன்பதாவது முயற்சி.

ஒரே பட்டனுக்கு முகப்புத் திரையில் ஒரு வேலை, படம் ஓடும்போது வேறு வேலை கொடுக்கலாம். படத்தில் சிவப்பு நேராகத் தாலி கட்டும் இடத்துக்குப் போகும்படி வைத்தேன். மகள் பொன்மாரியின் கல்யாண வீடியோ நாலு மணி நேரம். நான் போகாத கல்யாணம்.

தரைக்கட்டுப்பாட்டில் இருக்கும் ஷெர்லிக்குப் பிடிக்கவில்லை. “அண்ணாச்சி, படம் ஓடும்போதும் செவப்பு பம்புக்கே இருக்கட்டும். வேற வேலை குடுக்காதிய.”

நாலு பட்டனை வைத்துக்கொண்டு நான் படும் பாடு அவளுக்கு எங்கே தெரியும் என்று எரிச்சலாக வந்தது. சரி என்று சொல்லிவிட்டு மாற்றாமல் விட்டேன்.

நாள் 126 – 09:30
ஆன்டெனா செத்துவிட்டது. தரையோடு தொடர்பு இல்லை. வெளியே போகிறேன். வீடியோ ஓடட்டும், தலைக்கவசத்தில் நாதஸ்வரம் கேட்டுக்கொண்டே வேலை பார்ப்பேன்.

நாள் 126 – 13:02, குரல்பதிவு
ஆன்டெனா சரியாகவில்லை. நுழைவறையில் நிற்கிறேன். வெளிக்கதவை மூடிவிட்டேன். சிவப்பை அழுத்தினேன். காதில் கெட்டிமேளம்.

மறுபடி அழுத்தினேன். மறுபடி கெட்டிமேளம்.

13:09
ஓகே அழுத்தினால் படம் அப்படியே நிற்கிறது, திரையை விட்டுப் போகவில்லை. மேலும் கீழும் சத்தத்தைத்தான் கூட்டிக் குறைக்கின்றன. வீடியோ தானாக முடிந்தால் முகப்புத் திரை வரும், பம்பு கேட்கும். சிவப்பைத் தொடாமல் விட்டிருந்தால் இன்னும் இருபது நிமிடத்தில் முடிந்திருக்கும். நானே தாலிக்குத் திருப்பிவிட்டேன். அங்கிருந்து இரண்டே முக்கால் மணி நேரம். பந்தியை மட்டும் முக்கால் மணி நேரம் எடுத்திருக்கிறான், படுபாவி.

உடுப்பில் காற்று முப்பத்தொரு நிமிடம்.

13:36
பந்தி ஓடுகிறது. யாரோ ரசம் கேட்கிறார்கள். ஷெர்லி, நீ சொன்னதுதான் சரி. கோபமெல்லாம் என் மேல்தான்.

13:39
பொன்மாரி குரல் பந்தியில் இல்லை. தாலி கட்டி முடிந்ததும் “அப்பா பாத்துட்டிருப்பாவ” என்று கேமராவைப் பார்த்துச் சொல்வாள்.

சிவப்பை அழுத்துகிறேன். பம்புக்காக இல்லை.