நான்காம் ஆண்டும் ஒரு வடிகாலும்

செப்டம்பர் 24, புதன்

நேற்றைய மழையில் நான்காம் ஆண்டு வகுப்புக்குள் மறுபடியும் தண்ணீர். வாசலை ஒட்டிப் போகும் வடிகால், ஊர் வாயில் லோங்காங், போன வருடம்தான் கட்டியது. அதற்குள் நிரம்பி வழிகிறது. இலை அடைத்திருக்கிறது என்பார்கள், துடைப்பார்கள், மறப்பார்கள். எங்கள் கிள்ளான் ஊர் மழை மறக்க விடுமா?

நான் பிங்பாங் பந்துகளை எடுத்துக்கொண்டு போனேன். ஆளுக்கொரு பந்துக்கு வண்ணம் பூசியது ஓவியப் பாடம். அதை வடிகாலில் விட்டால், தண்ணீர் வெளியேற வேண்டிய பள்ளி நுழைவாயிலுக்குப் போய்ச்சேர எத்தனை வினாடி என்பது கணிதம். ஒரு பந்தும் போய்ச்சேரவில்லை. கொஞ்சம் நகர்ந்த இரண்டும் வகுப்புப் பக்கமே திரும்பி வந்தன.

"பந்துக்கு ஸ்கூல் ரொம்பப் பிடிச்சிருக்கு லா டீச்சர்," என்றான் ஜீவன்.

ஏன் என்று எனக்கும் தெரியவில்லை. தெரியாது என்றே சொன்னேன். பிள்ளைகளுக்கு அதில் அத்தனை சந்தோஷம்.

செப்டம்பர் 26, வெள்ளி

தலைமையாசிரியை வீரம்மா கூப்பிட்டு அனுப்பினார். பெற்றோர் ஆசிரியர் சங்கத் தலைவர் பாலன் புகார் செய்திருக்கிறாராம். புதன்கிழமை இரண்டு மணி நேரம் பந்து உருட்டினால் பிள்ளைகள் எப்போது படிப்பது, அந்த நேரத்தைப் பயிற்சி நூலுக்குக் கொடுங்கள் என்று. அடுத்த மாதம் பதினோராம் தேதி கூட்டத்தில் முடிவு.

"நீங்க செய்யறதைக் கொண்டு வந்து காட்டுங்க அமுதவள்ளி. பெற்றோர் ஒத்துக்கலைன்னா என்னால ஒண்ணும் செய்ய முடியாது."

காட்டுகிறேன். அறிவியல், கணிதம், ஓவியம், இசை, மலாய் எல்லாவற்றையும் ஒரே பொருளைச் சுற்றிக் கையால் செய்து படிக்க, இரண்டு வருடம் நச்சரித்து வாங்கிய நேரம் அது. விட்டுடுவேனா? போய் வேற வேலை இருந்தா பாருங்க பாலன்!

அக்டோபர் 1, புதன்

கிடைத்துவிட்டது! கண்டுபிடித்தவள் விஷ்ணுப்ரியா.

இலை, பிளாஸ்டிக் எல்லாவற்றையும் அள்ளிய பிறகும் பந்து நகரவில்லை. "தரையே மேல ஏறுதோ டீச்சர்?" என்றாள். மீன்தொட்டிக்குப் போடும், உள்ளே தெரியும் பிளாஸ்டிக் குழாய், ஆனால் நீளமானது, அதில் தண்ணீரை நிரப்பி வடிகாலின் இரு முனைகளிலும் தூக்கிப் பிடித்தோம். குழாயின் இரு பக்கமும் தண்ணீர் ஒரே மட்டத்தில்தான் நிற்கும். அங்கிருந்து வடிகாலின் தரை வரை அளந்தால் முடிந்தது. நுழைவாயில் பக்கம் ஆறு சென்டிமீட்டர் உயரமாக இருக்கிறது. தண்ணீர் எப்படி வெளியே போகும்? மறுபடி அளந்தோம். ஆறுதான். பிள்ளைகள் போட்ட கூச்சலில் பக்கத்து வகுப்பே எட்டிப் பார்த்தது.

விஷ்ணுப்ரியா மட்டும் கூச்சல் போடவில்லை. அந்த வடிகாலைக் கட்டிக்கொடுத்த குத்தகைக்காரர் பாலன். இவள் பாலனின் மகள்.

அக்டோபர் 2, வியாழன்

இதைக் காட்டினால் ஜெயித்துவிடுவேன். ஆனால் அவள்?

அக்டோபர் 8, புதன்

கூட்டத்தில் வேறு ஏதாவது காட்டலாமே என்று மெல்லச் சொல்லிப் பார்த்தேன். வகுப்பே முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டது. மணி அடித்த பிறகும் விஷ்ணுப்ரியா போகாமல் நின்றாள்.

"அளந்தது நான்தான். நானே சொல்றேன் டீச்சர்."

"அப்பா கோவிச்சுக்குவாரேம்மா?"

"கோவிச்சுக்குவாருதான். ஆனா தண்ணி நம்ம கிளாஸ்லதானே வருது?"

முதலில் வீட்டில் சொல்லிவிடு, அப்பா இதைக் கூட்டத்தில் வைத்துத் தெரிந்துகொள்ளக் கூடாது என்றேன். தலையாட்டினாள்.

அக்டோபர் 10, வெள்ளி

சொல்லிவிட்டாளாம். அப்பா பாதிச் சாப்பாட்டில் எழுந்து போய்விட்டாராம். ஆனாலும் பின்வாங்க மாட்டேன். அவளே பின்வாங்கவில்லையே.

அக்டோபர் 11, சனி

மண்டபம் நிறைந்த கூட்டம். வடிகாலை நெடுக வெட்டினால் எப்படி இருக்கும் என்ற ஓவியத்தைப் பிள்ளைகள் விரித்துப் பிடித்தார்கள். ஷப்னம் மலாயில் விளக்கினாள். ஜீவன் பால்டின்னைத் தட்ட, எல்லாரும் பந்தின் பயணத்தைப் பாடினார்கள். கடைசியாக விஷ்ணுப்ரியா வந்து ஆறு சென்டிமீட்டர் என்றாள். குரல் கொஞ்சம் நடுங்கியது, சொல் நடுங்கவில்லை. யார் கட்டியது என்று அவள் சொல்லவில்லை.

பின்வரிசையிலிருந்து ஒரு குரல்: "யாரு லா கட்டுனது இந்த லோங்காங்கை?"

முன்வரிசையில் கைகட்டி உட்கார்ந்திருந்த பாலன் எழுந்தார். "நான்தான் கட்டுனேன். அந்தக் குழாயைக் கொண்டாங்க."

கூட்டம் முழுவதும் அவர் பின்னால் வெளியே போனது. நுழைவாயில் பக்கம் அவரே குந்தி அளந்தார். வகுப்புப் பக்கம் வந்து அளந்தார். பிறகு, "ஆறுதான்," என்றார். யார் முகத்தையும் பார்க்காமல் காரை எடுத்துக்கொண்டு போய்விட்டார். தலைவர் இல்லாமல் என்ன முடிவு எடுப்பது, தீபாவளி கழியட்டும் என்றார் வீரம்மா.

ஜெயித்தேனா, தோற்றேனா? ச்சே! கைதட்டல் எல்லாம் கேட்டது. அந்தப் பிள்ளை தனியாக நின்றதுதான் கண்ணில் நிற்கிறது.

அக்டோபர் 29, புதன்

காலையில் நுழைவாயிலில் ஒரு லோரி. பழைய வடிகாலை உடைத்து அள்ளி, பலகை அடித்து முடித்திருந்தார்கள். சட்டையெல்லாம் மண்ணாக வகுப்பு வாசலில் வந்து நின்றார் பாலன்.

"டீச்சர், மத்தியானம் சிமெண்டு ஊத்தணும். அதுக்கு முன்னாடி பிள்ளைங்க ஒரு தடவை அளந்து பார்த்துட்டா நல்லாருக்கும். இன்னிக்கு புதன்தானே, உங்க நேரந்தானே?"

தலையாட்டிவிட்டுக் குழாயை எடுக்கத் திரும்பினேன். அதற்குள் விஷ்ணுப்ரியா குழாயின் ஒரு முனையை அவர் கையில் கொடுத்துவிட்டு, மறுமுனையோடு நுழைவாயிலுக்கு ஓடிவிட்டாள்.

"அப்பா, ஆடாமப் பிடிங்க!"

அவர் ஆடாமல் பிடித்துக்கொண்டு நின்றார்.