பனியூரில் உன் ஆட்டம்

அன்புள்ள ஷெர்னெட்டுக்கு,

ஆண்டவர் தயவில் நான் சுகம். உன் முதுகுவலி குறைந்ததா? மகள் காடியன் அடம்பிடிக்காமல் பள்ளிக்குப் போகிறாளா? நான் பள்ளியில் ஆங்கிலம் சொல்லித்தரும் இந்த ஜப்பானிய ஊரில் பனி முழங்கால்வரை கிடக்கிறது. அறையில் சூடு இருக்கிறது, கவலைப்படாதே.

சனிக்கிழமை காலை ஊர் மண்டபத்தைத் தாண்டிப் போனபோது உள்ளே நம் கிங்ஸ்டன் தெருக்களின் டான்ஸ்ஹால் ஆட்டப்பாட்டு அதிர்ந்தது. எட்டிப் பார்த்தேன். மீன் ஆலையில் வேலை செய்யும் பெண்கள் பத்துப் பேர், ஈரத்துணியை முறுக்கிப் பிழிவதுபோல் இடுப்பைத் திருப்பி ஆடிக்கொண்டிருந்தார்கள். நம் சந்துக் கொண்டாட்டத்தில் நீ உண்டாக்கிய அதே ஆட்டம்! நேராக உள்ளே போய்விட்டேன்.

“இது என் பொண்டாட்டி கண்டுபிடிச்சதுங்க!” என்றேன்.

அவர்களுக்கு ஆட்டம் சொல்லித்தரும் யுமிகோ அம்மாள் நம்பவில்லை. “அப்படின்னா ஆடிக் காட்டுங்க பாப்போம்.”

ஆடினேன். எல்லோரும் சிரித்தார்கள். “முழங்கால் மடங்கவே இல்லையே! உங்க வீட்டம்மா பாத்தா உதைப்பாங்க” என்று யுமிகோ அம்மாள் என் காலைத் திருத்தினார்.

உன் படத்தைக் காட்டினேன். அவர் சிரிப்பு நின்றது. “இவங்களேதான்! இன்டர்நெட்டுல யாரோ போட்ட தெருக்கொண்டாட்ட வீடியோவுல இவங்களப் பாத்துத்தான் கத்துக்கிட்டோம். பேருதான் தெரியாம இருந்துச்சு.”

பத்துப் பேரும் உன் பெயரைச் சொல்லிச் சொல்லிப் பழகினார்கள். விமானமே ஏறாத நீ எனக்கு முன்பே இங்கே வந்திருக்கிறாய், ஷெர்னெட்.

கோழி சுட நம் ஊர் ஜெர்க் மசாலா இரண்டு பொட்டலம் அனுப்பு. நீ ஆடும் வீடியோவும் வேண்டும், அவர்களுக்காகத்தான். நீயும் காடியனும் சண்டை போடும் சத்தம் கேட்டாலும் அழித்துவிடாதே.

வகுப்பு மணி அடிக்கிறது, பிள்ளைகள் வந்துவிட்டார்கள்.

உன்
எவர்ட்டன்