கடைக்கு வந்த காந்தம்

2 ஜூலை 1984, திங்கள்

பள்ளிக்கூடம் விட்டு வந்தால் எங்கள் கடை வாசலில் கோயம்புத்தூர் லாரி! அப்பா சொன்னது விளையாட்டில்லை. நாகல் நகரில் பழைய இரும்புக் கடை வைத்திருக்கிற வேறு யாரிடமும் இல்லாத மின்காந்தம் எங்களுக்கு வந்துவிட்டது. இரும்பு உருக்கி வார்க்கும் ஏதோ ஒரு ஃபவுண்டரியில் ஓடிய பழைய சாமான்தான். இருந்தாலும் எங்களுக்குப் புதிது. மாட்டுவண்டிச் சக்கரம் அகலத்துக்கு, கறுப்பாக, கனமாக. எட்டுப் பேர் சேர்ந்து இறக்கினார்கள்.

என் ஒன்பதாம் வகுப்பு அறிவியல் புத்தகத்தில் இதன் படம் இருக்கிறது. ஓர் ஆணி, அதைச் சுற்றிக் கம்பி, ஒரு பேட்டரி. அந்தச் சின்னப் படமா இவ்வளவு பெரிதாக வளர்ந்து வந்திருக்கிறது?

5 ஜூலை, வியாழன்

தூக்கிவிட்டது!

உத்தரத்திலிருந்து சங்கிலியில் தொங்குகிறது காந்தம். எங்கள் கடையில் வேலை பார்க்கும் ஞானதாஸ் அண்ணன்தான் சங்கிலியை இழுக்கிறார், சுவிட்சும் அவரிடமே. பூட்டுப் பட்டறைகளிலிருந்து வந்த குவியலின் மேல் இறக்கினார். உடைந்த பூட்டு, சாவி, தகட்டுத் துண்டு, இரும்பும் பித்தளையும் கலந்து கிடந்தது. சுவிட்சைப் போட்டதும் 'உம்ம்' என்று ஒரு சத்தம். பிறகு, எப்படி எழுதுவேன், குவியல் எழுந்து நின்றது! ஒரு சாவியின் வாலை இன்னொரு சாவி பிடித்துக்கொண்டு தேன்கூடு மாதிரி தொங்கின. இரும்பெல்லாம் மேலே போன பிறகு தரையில் பித்தளை மட்டும் மஞ்சளாக மிச்சம் கிடந்தது.

முத்துப்பேச்சியக்கா கன்னத்தில் போட்டுக்கொண்டார். இருபது வருஷமாக எங்கள் கடையில் பித்தளையைப் பிரிக்கிறவர் அவர். ரேடியோ ஸ்பீக்கரிலிருந்து எடுத்த காந்தம் ஒன்றைக் கயிறு கட்டிக் கழுத்தில் மாட்டியிருப்பார். பித்தளை முலாம் பூசிய இரும்புப் பூட்டு வந்தால் அது காட்டிக்கொடுத்துவிடும்.

"பாப்பா, இது என் காந்தத்தோட அப்பன்டி" என்றார்.

6 ஜூலை, வெள்ளி

கணக்கு நோட்டின் ஓரமெல்லாம் காந்தம் வரைந்து டீச்சரிடம் திட்டு வாங்கினேன்.

7 ஜூலை, சனி

இன்று முழுக்கக் கடையில் உட்கார்ந்து பார்த்தேன். அந்தச் சந்தோஷத்தில் ஒரு முள். பாரம் மேலே தொங்கும்போதே அக்கா அதன் அடியில் புகுந்து பித்தளையை அள்ளுகிறார். "அடுத்த குவியலைக் கொட்டுறதுக்குள்ள அள்ளணும்ல" என்கிறார்.

மின்சாரம் நின்றால் மின்காந்தம் தன் காந்தத் தன்மையை இழக்கும். இது பாடத்தில் இருக்கிறது. திண்டுக்கல்லில் கரண்டு போகாத நாள் எது?

ஞானதாஸ் அண்ணனிடம் சொன்னேன். "சுவிட்சு என் கையில இருக்கு தங்கச்சி. நான் அமத்தாம அது எப்படி விடும்?"

சுவிட்சு அவர் கையில். மின்சாரம் யார் கையில்?

அப்பாவிடம் சொன்னேன். "சங்கிலி புதுசு, அறாது. பத்து வருசம் ஓடுன சாமான். நீ ஒரு பாடம் படிச்சிட்டு ஊடால பேசாத."

சங்கிலியைப் பற்றி நான் சொல்லவே இல்லையே அப்பா.

9 ஜூலை, திங்கள்

ஆணி, கம்பி, டார்ச் பேட்டரி கொண்டுபோய் அக்காவுக்குச் செய்து காட்டினேன். ஏழு குண்டூசி ஒட்டியது. கம்பியை எடுத்தேன், ஏழும் விழுந்தன. அக்கா தன் காந்தத்தால் அந்த ஏழையும் பொறுக்கி என் கையில் போட்டார்.

"பாரு, என்னோடது என்னைக்காச்சும் தானா விட்டிருக்கா? உன்னோடது சின்ன ஆணி, சொன்னபடி கேக்கும். அது யானை பாப்பா, புடிச்சா விடாது."

எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்துவைத்தேன். அழுகை வந்தது.

11 ஜூலை, புதன்

மதியம் கரண்டு போயிற்றாம். அப்போது காந்தம் சும்மா தரையில் இருந்ததாம். "பாத்தியா, ஒண்ணும் ஆகல" என்கிறார் ஞானதாஸ் அண்ணன்.

13 ஜூலை, வெள்ளி

அக்காவைத் தடுக்க வழி கண்டுபிடித்துவிட்டேன்! காலையில் அக்கா தலையில் கூடையோடு வந்தார். அடுத்த வீட்டு வாசலில் பெரிய கோலம். அத்தனை சுமையோடு சாக்கடை ஓரமாகச் சுற்றி நடந்தாரே தவிர, கோலத்தில் கால் வைக்கவில்லை. தாண்டவும் இல்லை.

14 ஜூலை, சனி

எங்கள் வீட்டில் கிறிஸ்துமஸுக்கு மட்டும்தான் கோலம், அதுவும் அம்மா போடுவது. ஆனாலும் காந்தத்துக்கு அடியில் குவியலைச் சுற்றி வட்டமாக, பூப்பூவாக, அகலமாகப் போட்டேன். கோணல்தான்.

"என்ன லிடியா, கபடிக்குக் கோடா?" என்றார் ஞானதாஸ் அண்ணன்.

அக்கா முறைத்தார். "வீம்புக்குன்னே போட்டிருக்க. இதை எப்படி மிதிக்க?" பிறகு நீளக் கழியில் கொக்கி கட்டி, வெளியே நின்றபடி பித்தளையை இழுத்துக்கொண்டார். இனி தினமும் பள்ளிக்கூடம் போகும்முன் போட வேண்டும்.

17 ஜூலை, செவ்வாய்



மூன்றேகால் இருக்கும். வகுப்பில் மின்விசிறி நின்றது. எல்லாரும் 'ஊ' என்று கத்தினார்கள். ஐயோ, இப்ப தூக்கிக்கிட்டு இருப்பாங்களோ? மணி அடித்ததும் ஓடினேன்.

கடையில் சத்தமே இல்லை. என் கோலத்தின் மேல் அத்தனை இரும்பும் கொட்டிக் கிடந்தது. அதற்குள்ளிருந்து ஒடிந்த கழி நீட்டிக்கொண்டிருந்தது. மறு பாதியைக் கையில் பிடித்தபடி, கோலத்துக்கு வெளியே, காலை நீட்டி உட்கார்ந்திருந்தார் அக்கா. ஒரு கீறல் இல்லை. இயேசுவே, ஒரு கீறல்கூட இல்லை.

"சத்தமே குடுக்கல பாப்பா. அம்புட்டையும் பொசுக்குன்னு விட்டுருச்சு."

ஞானதாஸ் அண்ணன் திரும்பத் திரும்பச் சொன்னார்: "நான் அமத்தலண்ணே. பாருங்க, சுவிட்சு போட்டபடியேதான் இருக்கு."

அப்பா சுவிட்சைப் பார்த்தார். பிறகு எரியாத பல்பைப் பார்த்தார். பிறகு என்னை.

அப்போது பல்பு எரிந்தது. யாரும் தொடாமலே 'உம்ம்' என்றது காந்தம். குவியல் உச்சியிலிருந்து ஒரு சாவி துள்ளிப்போய் அதில் ஒட்டிக்கொண்டது. எல்லாரும் ஓரடி பின்னால் போனோம், அப்பா உட்பட.

18 ஜூலை, புதன்

காப்பி குடிக்கும்போது அப்பா அந்த ஆணியையும் பேட்டரியையும் கேட்டார். தானே கம்பியை எடுத்தார், வைத்தார், எடுத்தார். குண்டூசிகள் விழுவதைப் பார்த்துக்கொண்டே இருந்தார்.

கோலப்பொடியோடு கடைக்குப் போனேன். கோலம் ஏற்கெனவே இருந்தது. புள்ளி வைத்த, கோணல் இல்லாத கோலம். என்னுடையதைவிட இரண்டு முழம் அகலம். அக்கா கையில் ஒட்டியிருந்த மாவைத் தட்டிக்கொண்டிருந்தார்.

"எதுக்குக்கா இம்புட்டுப் பெருசா?"

"யானை நிக்கிற எடம்ல, பாப்பா."