இடப்பக்கத்து மங்கல்

மார்ச் 3

பால், காய்கறி, மின்கட்டணம் எல்லாம் எழுதி முடித்தேன். வால்வுக்கென்று இந்த மாதம் தனித் தலைப்பே போட வேண்டியதாகிவிட்டது. இவருடைய ஹெட்போன் ஆம்ப்ளிஃபயரில் விரல் நீளத்தில் இரண்டு கண்ணாடி வால்வுகள். ஒன்று இடக் காதுக்கு, ஒன்று வலக் காதுக்கு. நாங்கள் பிறப்பதற்கு முன்னால் செய்தவையாம். லிஃப்ட் பழுதுபார்க்கிற வேலையில் மல்லுக்கட்டிவிட்டு வந்தால், பழைய ரேடியோ கடையில் வாங்கிய ஜோடிகளை மாற்றி மாற்றிப் போட்டுக் கேட்பதுதான் இவருக்குப் பொழுது. குடி இல்லை, சீட்டு இல்லை. இறைவா, உனக்கு நன்றி.

இன்று, கண்ணாடிக்குள் சாம்பல் நிறத் தகடு தெரிகிற ஜோடி. இடப்பக்கம் மங்கல் என்று கழற்றி வைத்துவிட்டார்.

மார்ச் 5

கறுப்புத் தகடு ஜோடியிலும் இடப்பக்கம் மங்கலாம். கூடவே ஓர் இரைச்சலாம். கடைக்காரரோடு போனில் சண்டை. "கண்ணாடிய மட்டும் பளபளன்னு துடைச்சு வச்சுட்டா போதுமாய்யா?" என்று இவர் கேட்டது அடுத்த வீட்டு நாத்தனார் வரைக்கும் கேட்டிருக்கும்.

ஹெட்போனைக் கழற்றிய பிறகும் அந்த இரைச்சல் காதை விட்டுப் போகவில்லை என்றார். பாட்டுப் பைத்தியம் முற்றிவிட்டது என்று நினைத்துக்கொண்டு பாத்திரம் தேய்க்கப் போய்விட்டேன்.

மார்ச் 6

மூன்றாவது ஜோடியும் அப்படியே. இட வால்வை வலத்திலும் வல வால்வை இடத்திலும் செருகிப் பார்த்தார். அப்போதும் இடப்பக்கம்தான் மங்கல். அப்படியானால் கோளாறு பெட்டிக்குள்தான் என்று தீர்மானித்து, எல்லாவற்றையும் பிரித்துச் சாப்பாட்டு மேசையில் பரப்பிவிட்டார். தட்டை மடியில் வைத்துச் சாப்பிட்டோம்.

மார்ச் 7

பெட்டிக்குள் ஒன்றும் அகப்படவில்லை. திரும்பப் பூட்டினார். முகம் சுண்டிவிட்டது. இன்னொரு காது வேண்டும், வா என்றார். இவர் பாட்டுக் கேட்கிற நாற்காலியில் என்னை உட்காரச் சொன்னது இதுதான் முதல் தடவை.

ஒரே பாட்டு, மூன்று ஜோடி. சாம்பலில் பாடுகிற அம்மாள் கை எட்டும் தூரத்தில் நிற்கிறார். கறுப்பில் அவர் பின்னால் நகர்ந்துகொள்கிறார், வயலின்காரர் முந்திக்கொண்டு வருகிறார். மூன்றாவதில் எல்லாரும் இருக்கிறார்கள், யாருக்கும் எதிலும் ஆசையில்லை. சொன்னதும் இவர் என்னையே பார்த்தார். இதெல்லாம் எங்கே கற்றுக்கொண்டாய் என்றார். எங்கே கற்பது? பிரார்த்தனைக் கூடத்தில் கண்ணை மூடிக்கொண்டு, எது யார் குரல் என்று கேட்டு வந்த பழக்கம்தான்.

இடப்பக்கம் எப்படி என்றார். நன்றாகத்தானே இருக்கிறது என்றேன். கோபம் வந்துவிட்டது. "உனக்குப் பழக்கமில்ல. தெரியாது, விடு."

தெரியாதுதான். ஆனால் கேட்டதே?

மார்ச் 8

பிரார்த்தனையில் மனம் நிற்கவில்லை. நேற்று ஹெட்போனில் எனக்கு இரண்டு பக்கமும் சரியாகத்தான் கேட்டது.

மார்ச் 9

மறுபடி உட்கார வைத்தார். அவசரத்தில் ஹெட்போனை இடவலம் மாற்றி மாட்டிக்கொண்டேன். "எல், ஆர்னு கொட்டை எழுத்துல போட்டிருக்கு. வயலின்காரர மேடையில இடம் மாத்தி உக்கார வச்சுட்டியே" என்று பதறினார். சட்டையைத் திருப்பிப் போட்டுக்கொண்டு வேலைக்குப் போனாலும் போவார், ஹெட்போனைத் திருப்பிப் போட மாட்டார்.

எனக்கு என்ன தோன்றியதோ, கழற்றி அதே மாதிரி மாற்றியே இவர் தலையில் வைத்தேன்.

"ஒரு நிமிஷம் இப்படியே கேளுங்க. எந்தப் பக்கம் மங்கல்?"

இப்போது வல வால்வின் சத்தம் இடக் காதுக்குப் போகிறது. வால்விலோ பெட்டியிலோ குறை என்றால், மங்கல் வலக் காதுக்கு வந்திருக்க வேண்டும்.

இவர் கையைத் தூக்கி இடக் காதைத் தொட்டார். தொட்ட கையை எடுக்கவே இல்லை.

"அப்போ வால்வு இல்லியா" என்றார்.

லிஃப்ட் மோட்டார் முனகுவதைக் கேட்டே எந்த பேரிங் தேய்ந்திருக்கிறது என்று சொல்கிற மனிதர். காது போனால் வேலை? வேலையை விடு — பாட்டு இல்லாமல் இவர் எப்படி இருப்பார்? இறைவா, வேற எதையாவது எடுத்துக்கோ. இத விட்டுடு.

மார்ச் 10

காது மருத்துவர். கண்ணாடி அறைக்குள் உட்கார வைத்து, சத்தம் கேட்கும்போது பொத்தானை அழுத்தச் சொன்னார்கள். வெளியே பரிசோதிக்கிற பெண் சத்தத்தைக் கூட்டிக்கொண்டே போகிறாள், உள்ளே இவர் விரல் அசையாமல் இருக்கிறது. பார்க்க முடியாமல் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

உள்காது நரம்பாம். சொல்லாமல் கொள்ளாமல் வருமாம். "இன்னும் கொஞ்ச நாள் வால்வு மாத்திட்டு இருந்திருந்தா நான் செய்யறதுக்கு ஒண்ணும் இருந்திருக்காதும்மா. இப்பவும் உறுதி குடுக்க மாட்டேன். மாத்திரைய இன்னிக்கே ஆரம்பிங்க."

அவசரத்தில் மாற்றி மாட்ட வைத்தவனே, நன்றி.

மார்ச் 12

நாத்தனார் வந்தாள். "நீங்க சொல்றது எதுவும் எங்கண்ணன் காதுல ஏறலன்னு எத்தனை வருஷமா புலம்பறீங்க அண்ணி. பாவம், அது நோயின்னு இப்பத்தானே தெரியுது." முதலில் சிரித்தது இவர்தான்.

மார்ச் 15

மாற்றமில்லை.

மார்ச் 19

இரைச்சல் தணிந்த மாதிரி இருக்கிறதாம். சந்தோஷப்படப் பயமாக இருக்கிறது.

மார்ச் 24

ரேடியோ கடைக்குப் போய் மன்னிப்புக் கேட்டார். நானும் கூடப் போனேன். கடைக்காரர் ஒரு நாற்காலியைத் தூசி தட்டிப் போட்டார். "வால்வுக்கு கேரண்டி குடுக்கலாம் சார். வாங்கறவங்க காதுக்கும் குடுத்தா எனக்குக் கட்டுப்படியாகாது." நல்ல மனிதர். அவர் குடும்பத்துக்காகவும் இன்று வேண்டிக்கொண்டேன்.

ஏப்ரல் 11

மறுபரிசோதனை. இடக் காது பெரும்பாலும் திரும்பிவிட்டது. வேலைக்குத் தடையில்லை. உச்ச ஸ்தாயியில் இருக்கிற மெல்லிய சத்தங்கள் மட்டும் அந்தக் காதுக்கு இனி வராது என்றார் மருத்துவர். எனக்கு அங்கேயே கைகூப்பத் தோன்றியது. இவர் பஸ்ஸில் பரிசோதனைத் தாளை விரித்து வைத்துப் பார்த்துக்கொண்டே வந்தார்.

வீட்டுக்கு வந்ததும் இன்னொரு ஹெட்போனையும் செருகி என்னைப் பக்கத்தில் உட்காரச் சொன்னார். கறுப்பு ஜோடியைக் கேட்டோம். வால்வுகளின் சூடு ஆறியதும் சாம்பலை மாட்டிக் கேட்டோம்.

"எனக்கு இப்ப ரெண்டும் ஒண்ணுதான். உனக்கு?"

ஆமாம் என்று சொல்லிவிடலாமா? வாய் வரவில்லை.

"ஒண்ணு இல்லீங்க. இதுல அந்தம்மா ஒவ்வொரு அடி பாடறதுக்கு முன்னாடியும் மூச்சு இழுக்கறது இடப்பக்கமா கேக்குது."

"எப்ப வருதுன்னு சொல்லு."

கண்ணை மூடிக்கொண்டார். பேசினால் பாட்டு கெடும் என்று, மூச்சு வரும்போதெல்லாம் இவர் புறங்கையில் லேசாகத் தட்டினேன். பாட்டு பாதி போயிருக்கும். நான் தட்டுவதற்குச் சற்று முன்பே இவரும் மூச்சை உள்ளே இழுக்க ஆரம்பித்திருந்தார்.