செல்வத்திடம் சொன்ன ஒரு சொல்

வியாழக்கிழமை, சோஹார், ஓமன்.

கண்ணாடி கிழித்து, மணிக்கட்டில் நரம்பு தைக்கப்பட்ட செல்வம் இரண்டு மாதம் முன்பு, "விரல்ல உணர்ச்சி திரும்புமா சிஸ்டர்?" என்று கேட்டான். டியூட்டி முடியும் அவசரத்தில், "திரும்பாது" என்றேன்.

இன்று தையலுக்குக் கீழே தட்டினேன். உள்ளங்கையில் சுர்ரென்றது என்றான். அப்படியென்றால் நரம்பு வளர்கிறது. அறுந்துபோன பகுதியைச் சில செல்கள் தின்று சுத்தமாக்கும், நரம்பைச் சுற்றியிருக்கும் உறைச் செல்கள் வரிசையாக நின்று வழி காட்டும், அந்த வழியே புது நரம்பு மெல்ல ஊர்ந்து வரும் என்று இன்றைக்குத்தான் அவனுக்கு விளக்கினேன். அன்றைக்கே எனக்குத் தெரிந்த விஷயம்தான்.

"நீங்க திரும்பாதுன்னதும், இனி இந்தக் கையால வேலை செய்ய முடியாதுன்னு விசாவ கேன்சல் பண்ணிட்டேன். நாளைக்கு ஊருக்கு ஃபிளைட்."

அவன் குரலில் கோபமே இல்லை.

"வளருதுல்ல சிஸ்டர், அது போதும்" என்று கும்பிட்டான்.

மன்னிப்புக் கேட்காமலே அடுத்த டோக்கனைக் கூப்பிட்டேன்.