சட்டையின் மூன்றாவது பொத்தான்

அன்பு மகள் குருவிக்கு,

நானும் அம்மாவும் இங்கே நலம். நீயும் வேளைக்குச் சாப்பிட்டு, நேரத்துக்குத் தூங்கி நன்றாக இருக்கிறாய் என்று நம்பித்தான் பேனாவை எடுத்தேன். எழுதப்போவதை முதலிலேயே வரிசைப்படுத்திவிடுகிறேன், இல்லாவிட்டால் பாதியில் வழி தவறிவிடுவேன்.

1. அம்மாவின் முழங்கால்.
2. காட்டில் நான் செய்த தவறு.
3. கதவு நிலையில் இருக்கும் உன் பென்சில் கோடுகள்.
4. இந்த ஆண்டும் நீ சிரமப்பட்டு வர வேண்டியதில்லை என்பது.

முழங்கால் தேவலை. மாடி ஏறும்போது மட்டும் என்னைத் திட்டுகிறாள், படிகளை நான்தான் கட்டினேன் என்பதுபோல். ஓய்வு பெற்ற பிறகும் ஐந்தாண்டுக்கு ஒருமுறை அந்த ஒரு ஏக்கர் காட்டுக்குப் போய், தகரத்தில் எண் அடித்த முந்நூறு மரங்களையும் நாடாவால் சுற்றி அளந்து எழுதிக்கொடுக்கிறேன், உனக்குத் தெரியும். காலைப் பனியில் மரத்தைக் கட்டிக்கொண்டு நாடாவின் மறுமுனையைத் துழாவும்போது ஈரப் பட்டை கன்னத்தில் ஒட்டும், உள்ளே யாரோ மெதுவாக மூச்சு விடுவதுபோல் இருக்கும், அளப்பது நானா மரமா என்று தோன்றும். ஒவ்வொரு முறையும் தரையிலிருந்து ஒரே உயரத்தில் அளக்க வேண்டும் என்பது விதி. அந்த உயரத்தைக் காட்ட ஒரு கோல் உண்டு. தொடக்கத்தில் அது என் சட்டையின் மூன்றாவது பொத்தானுக்குச் சரியாக நின்றதால், கோலைத் தூக்கிப்போவதை விட்டுவிட்டேன். என் உத்தியோகத்தில் நான் செய்த ஒரே சோம்பேறித்தனம் அதுதான்.

போன மாதம் புதிதாக வந்த பெண் அதிகாரி என் பட்டியலைப் பார்த்துவிட்டு, "மரமெல்லாம் நல்லாத்தான் பெருத்துட்டு வருது, இனிமே இங்க அளக்கறதை நிறுத்திடலாங்கய்யா" என்றாள். எதற்கும் இருக்கட்டும் என்று கோலை வைத்து நூற்றுப் பதினேழாம் மரத்தை அளந்தாள். ஐந்தாண்டுக்கு முன் நான் எழுதியதைவிட இரண்டு விரல் குறைவு. மரம் இளைக்குமா? என் நாடா சுருங்கியிருக்கும் என்று முணுமுணுத்துவிட்டு வீட்டுக்கு வந்தேன். அம்மா கேட்டுவிட்டு, "மரம் எங்கயும் இளைக்கலங்க, நீங்கதான் வருஷா வருஷம் கூனிட்டு வர்றீங்க. இன்னும் கொஞ்ச நாள்ல அந்தப் பொத்தான் முழங்காலுக்கு வந்துடும்" என்றாள். அடிமரம் எப்போதும் தடிமன் அல்லவா, நான் தாழத் தாழ என் பட்டியலில் மரம் பருத்துவிட்டது. பத்தாண்டாக அவை வளரவே இல்லை போலிருக்கிறது. உச்சிக் கிளைகள் மொட்டையாவதைக் கண்ணால் பார்த்தும் எண்ணையே நம்பினேன். நோய்ப்பட்ட காட்டை நான் நலம் என்று எழுதியதால், அதைப் பார்க்க இனி ஆளே வரப்போவதில்லை. மூன்று நாள் வாய் திறக்கத் தைரியமில்லை. பகலில் கண்ணயர்ந்தால் மரங்கள் ஒவ்வொன்றாக நம் சமையலறை வாசலில் வந்து நின்று, எங்கள் உயரம் என்ன என்று கேட்டன. நான்காம் நாள் அலுவலகத்துக்குப் போய்ச் சொல்லிவிட்டேன்.

அந்த அதிகாரி திட்டவில்லை. இனி ஆண்டுதோறும் அளப்பார்களாம். "எந்த வருஷம் நீங்க எவ்வளவு உயரம்னு தெரிஞ்சா பழைய அளவையும் ஓரளவு சரிபண்ணலாங்கய்யா. யாராவது உங்களை அளந்து வச்சிருக்காங்களா?" என்று கேட்டாள். விடுமுறைக்கு வரும்போதெல்லாம் என்னைக் கதவு நிலையில் நிறுத்தி, தலையில் புத்தகம் வைத்துக் கோடு கிழித்து, "இன்னும் வளரவே இல்லையாப்பா நீங்க?" என்று சிரிப்பாயே! அவள் வீட்டுக்கு வந்து ஏழு கோடுகளையும் தேதியோடு குறித்துக்கொண்டாள். கடைசிக் கோட்டுக்கு ஒன்பது வயது. "அப்புறம் யாரும் அளக்கலையா?" என்றாள். "பொண்ணு வரலம்மா" என்றாள் அம்மா. இன்றைய கோட்டைப் போட அந்தப் பெண் பென்சிலை எடுத்தாள். நோட்டில் மட்டும் எழுதிக்கொள்ளம்மா, கோடு போடுவது என் மகள் வேலை என்று எப்படியோ சொல்லிவிட்டேன்.

நீ நீண்ட நாள் நலமாக, நிமிர்ந்து வாழ வேண்டும். குளிரில் காதை மூடிக்கொள்ள மறக்காதே. எங்கள் குறிப்பேட்டில் தவறான பதிவை அழிக்கக் கூடாது, சரியானதைத் தனியே எழுதி ஒப்பமிட வேண்டும். அதன்படி எழுதுகிறேன்: மேலே நான்காவதாகச் சொன்னது தவறு. வா.

இப்படிக்கு,
அப்பா